சேறு போடும் சோறு

மழைக்காலக் கடலில் அலையை அடக்கும் சேறு கேரள மீனவர்களுக்கு வரம். ஆனால் மீன் பெருகக் காரணம் சேறுதானா?

ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொட்டாகிவிட்டது. ஆளுயர அலைகள் கடல்சுவரில் மோதிச் சிதறுகின்றன. இழுவலை விசைப்படகுகளுக்கு 52 நாள் தடை. சாதாரண வள்ளங்களுக்குத் தடையில்லை என்றாலும் இந்தக் கடலில் அவற்றை இறக்கத் துணிபவர்கள் குறைவு. ஆலப்புழைக்குத் தெற்கே புன்னப்புரா, அம்பலப்புழை, புறக்காடு கடலோரங்களில் எல்லோரும் காத்திருப்பது ஒரே ஒரு செய்திக்குத்தான்: சாகர வந்துவிட்டதா?

வந்துவிட்டால் காட்சியே மாறிவிடும். கரையை ஒட்டிச் சில கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் குளம்போல் அடங்கிவிடும். இருபுறமும் அலை கொந்தளிக்க, நடுவே வள்ளங்கள் அலுங்காமல் போய் வரும். கரிக்காடி இறால், மத்தி, நெத்திலி என்று வலை நிறையும். ஐஸ் லாரிகளும் வியாபாரிகளும் குவிய, பட்டினி மாதங்கள் திருவிழாவாகிவிடும்.

இந்த அதிசயத்துக்குக் காரணம் கடலடியில் கிடக்கும் சேறு. ஆறுகள் ஆண்டாண்டு காலமாகக் கொண்டுவந்து சேர்த்த நுண்ணிய களிமண்ணும் வண்டலும் மற்ற மாதங்களில் அடித்தரையில் இறுகிக் கிடக்கின்றன. மழைக்கால அலைகள் அழுத்தும்போது அது இளகிக் கூழாகிவிடுகிறது. கரையை நோக்கி வரும் அலை இந்தக் கூழைக் கலக்குவதிலேயே தன் சக்தியைச் செலவழித்துவிடுகிறது. கரைக்கு வந்து சேர்வது வெறும் சலசலப்புதான்.

இந்த அமைதியின் மதிப்பை வணிகர்களும் அறிந்திருந்தார்கள். 1762இல் திருவிதாங்கூர் அரசு ஆலப்புழையில் துறைமுகம் திறந்தபோது, மழைக்காலத்திலும் கப்பல்கள் நங்கூரமிட முடிந்ததற்குச் சேற்றுத் திட்டே துணை. சேறு எங்கிருந்து வருகிறது என்பது பற்றிப் பல ஊகங்கள். கடலை அடக்குவது சேற்றிலுள்ள எண்ணெய் என்றார்கள் சிலர். வேம்பநாட்டுக் காயலிலிருந்து பூமிக்கடியில் சேறு கசிந்து வருகிறது என்றார்கள் வேறு சிலர். கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய என்ஜினீயர் ராபர்ட் பிரிஸ்டோ 1938இல் சேற்றுத் திட்டுகளின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார்.

ஆனால் மீன்? சேற்றிலுள்ள சத்துதான் மீனை இழுக்கிறது என்பது கரையோர நம்பிக்கை. இதைச் சோதிக்க 2014இல் தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ஆலப்புழைக் கடலில் இறங்கினார்கள். மழைக்கு முன்பிருந்து மழைக்காலம் முடியும்வரை திட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நீரை எடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டு இடங்களிலும் ஒரே கதைதான்: குளிர்ந்த, சத்து நிறைந்த, ஆக்ஸிஜன் குறைந்த ஆழ்கடல் நீர்.

பருவக்காற்று கரையோர மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலேறுகிறது. அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளம். வயலுக்கு உரம் போட்டதுபோல் நுண்தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன மத்தி வருகிறது. கூழ்ச்சேறு அடியோடு அடியாகத் தங்கிவிடுவதால் மேல்நீருக்கு வெயில் தடையின்றிக் கிடைக்கிறது. ஆக, சமைப்பது ஆழ்கடல் நீர். வள்ளம் போய் அதை எடுக்க வழிவிடுவதுதான் சேறு. ஆழ்நீரில் ஆக்ஸிஜன் குறைவதால் இறால்கள் கரையை நோக்கி ஒதுங்குவதும் மீனவருக்கு லாபம் என்று கருதப்படுகிறது.

இந்த வேறுபாடு ஆராய்ச்சிக்கூட விஷயம் மட்டுமல்ல. விளைச்சல் சேற்றிலிருந்துதான் என்றால், சேறு இருக்கும்வரை கவலையில்லை. ஆழ்நீரிலிருந்து என்றால், காற்றும் கடல் வெப்பமும் மாறும்போது மீனும் மாறும். மத்தியின் கணக்கு அதைத்தான் எச்சரிக்கிறது. 2012இல் கேரளத்தில் பிடிபட்ட மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021இல் வெறும் 3,297 டன். எல் நினோவும் மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் மத்தி ஓரளவு திரும்பி வந்தாலும், அடி வாங்கிய குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை.

சேறும் நிலையாக இருப்பதில்லை. ஆலப்புழைத் திட்டு காலப்போக்கில் வடக்கும் தெற்குமாக நகர்ந்திருக்கிறது. வந்த ஊருக்கு மீனும் கிடைக்கும், கரைக்குக் காவலும் கிடைக்கும். விட்டுப்போன ஊரில் அலை நேராகக் கரையைத் தின்னும்.

அமைதியான கடல் இன்னொரு சபலத்தையும் தருகிறது. கைக்கெட்டும் தூரத்தில் மீன்கூட்டம். அதில் குஞ்சும் இருக்கும். 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் தடை உண்டு. ஆனால் வாரக்கணக்கில் அடுப்பு எரியாத வீட்டில் அளவுகோலைத் தேடுபவர் யார்? இன்று குஞ்சு பிடித்தால் நாளை மத்தி இல்லை என்பதும் அதே மீனவருக்குத் தெரியும்.

அலையை அடக்கச் சேறு இருக்கிறது. வலையை அடக்க மனிதர்கள்தான் வேண்டும்.