லேசர் ஒளி முகத்தில் படும் முன்...

"டாக்டர், லேசர் போட்டா முகம் வெளுத்துடுமா?"

தோல் வைத்தியம் பார்க்கும் என்னிடம் பெண்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். கல்யாணம் நிச்சயமான பெண் கேட்கிறாள். கூட வந்த அம்மா கேட்கிறாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் இளம் தாயும் கேட்கிறாள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். "வெளுக்காதும்மா. லேசரோட வேலையே அது இல்லை."

பின்னே எதற்குத்தான் லேசர்? யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது? சீட்டுப் பணத்தை எடுத்து, சிலர் நகையைக்கூட அடகு வைத்து இந்தச் சிகிச்சைக்கு வருகிறார்கள். வருமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், முகமும் பிழைக்கும்.

நிறத்தைத் தேடிப் போகும் ஒளி

சூரிய வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. லேசரில் ஒரே நிறம்தான். அதுவும் சிதறாமல் ஒரே திசையில் பாயும். 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை உண்டாக்கினார். சில வருஷங்களிலேயே சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் சோதித்துப் பார்த்தார். மரு எடுக்கவும் பருத் தழும்பைச் சீராக்கவும் இன்றும் பயன்படும் கார்பன்டை ஆக்ஸைடு லேசரை 1964-ல் கண்டுபிடித்தவர் யார் தெரியுமோ? மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த குமார் படேல்!

ஆனால் அழகு சிகிச்சைக்கு வழி திறந்தது 1983-ல்தான். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு தத்துவத்தை விளக்கினார்கள். மொட்டை மாடியில் கறுப்புப் புடவையும் வெள்ளைப் புடவையும் பக்கத்தில் பக்கத்தில் காய்கின்றன. தொட்டுப் பாருங்கள். கறுப்புதான் அதிகம் சுடும், இல்லையா? அதேபோல, தோலுக்குள் இருக்கும் ஒரு பொருள் எந்த நிற ஒளியை இழுத்துக்கொள்ளுமோ அந்த ஒளியை, கண் இமைப்பதற்கும் குறைவான நேரம் பாய்ச்சினால், அந்தப் பொருள் மட்டும் சூடேறி அழியும், அக்கம்பக்கம் தப்பித்துவிடும். முடியின் வேரில் இருக்கும் கருநிறப் பொருளான மெலனினை இப்படித்தான் குறி வைக்கிறார்கள்.

நம் தோலுக்கு உள்ள சங்கடமும் இங்கேதான். அதே மெலனின்தானே நம் மேல்தோலிலும் நிறைந்திருக்கிறது! ஒளிக்கு வேரும் தெரியாது, கன்னமும் தெரியாது; மெலனினைத்தான் தெரியும். வெள்ளைக்காரிக்குச் சரியாக இருக்கும் அளவும் மிஷினும் நம் மாநிறத் தோலைச் சுட்டுவிடக்கூடும். சுட்ட இடம் ஆறும். ஆனால் ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும்.

1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் வெயிலைத் தாங்கும் தன்மையை வைத்துத் தோலை வகை பிரித்தார். அந்தக் கணக்கு இப்போது 6 வகையாக இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் 4, 5-ஆம் வகை. 694 நானோமீட்டர் ரூபி லேசர் மெலனினை மிகவும் இழுக்கும். நமக்கு ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் ஆழமாகப் போகும், மேல்தோலை அவ்வளவாகச் சுடாது. முடி எடுக்க நம் நிறத்துக்கு இதுவே பத்திரமானது. தக்க அளவில், குளிர்ச்சி கொடுத்துச் செய்தால் டயோடு லேசரும் ஒத்துக்கொள்ளும்.

பிள்ளை பெற்றபின் வரும் மங்கு

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

கர்ப்பம் தரித்தவர்களில் பலருக்கு இரு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும் பழுப்பாகப் படை மாதிரி படரும். நம் பாட்டிமார் இதை 'மங்கு' என்றார்கள். கர்ப்ப கால ஹார்மோன்களும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை இது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே மங்கும், சிலருக்குத் தங்கிவிடும்.

ஒரு சகோதரி வந்தாள். பிள்ளைக்கு எட்டு மாசம். வேறோர் இடத்தில் 'பேக்கேஜ்' என்று பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டியிருந்தாள். "முதல் ரெண்டு தடவை பளிச்னு ஆச்சு டாக்டர். எங்க மாமியார்கூட சொன்னாங்க. அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா கறுத்துப் போச்சு. நடுநடுவே அரிசி அரிசியா வெள்ளைப் புள்ளி வேற. மீதி ஆறு சிட்டிங்கும் போனா சரியாயிடும்னு சொல்றாங்க. போகட்டுமா?"

"போக வேண்டாம்" என்றேன். "பணம் போயிடுமே டாக்டர்" என்று அவள் கண் கலங்கியது. போனது பணத்தோடு போகட்டும் என்றுதான் சொல்ல முடிந்தது.

மங்கில் நடப்பது இதுதான். அங்கே நிறம் உண்டாக்கும் செல்கள் ஏற்கெனவே சீண்டப்பட்டு, அளவுக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. லேசர் அங்கிருக்கும் நிறத்தை உடைக்கும். முகம் தெளிந்தது போல் இருக்கும். ஆனால் அந்தச் சூடே செல்களை மறுபடி சீண்டிவிடும். சில வாரங்களில் மங்கு திரும்பிவரும், சிலருக்கு முன்னிலும் கருமையாக. திரும்பத் திரும்பச் செய்தால் சில செல்கள் செயலிழந்து வெள்ளைப் புள்ளி விழும். அது மாறப் பல காலம் ஆகும். சிலருக்கு மாறாமலே நின்றுவிடும். ஆகவே மங்குக்கு முதல் வைத்தியம் லேசர் அல்ல. மற்றதெல்லாம் செய்தும் கேட்காவிட்டால், கடைசியில், அதுவும் கை தேர்ந்த தோல் மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது.

முதல் வைத்தியம் வெயில் காப்பு. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அதனால் இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. குடையும் முந்தானையும் செலவில்லாத துணை. அடுத்தது, டாக்டர் எழுதித் தரும் கிரீம். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் அப்போது ஆகாது.

மருந்துக்கடையில் அக்கம்பக்கத்தார் சொன்ன டியூபை வாங்கிப் பூசாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பத்து நாளில் முகம் மினுக்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் கிளம்பும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது இதனால்தான்.

அந்தச் சகோதரிக்கு லேசரை நிறுத்தி, வெயில் காப்பும் கிரீமும் மட்டும் கொடுத்தேன். ஆறேழு மாசத்தில் கருமை நன்றாகத் தணிந்தது. வெள்ளைப் புள்ளிகள் சில இன்னும் இருக்கின்றன.

மேலுதடும் தாடையும்

லேசர் நன்றாக வேலை செய்யும் இடம், அடர்ந்த கறுப்பு முடி. முகத்தில் முடி முளைத்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் காரணத்தை முதலில் பாருங்கள். தாடையில் கரடுமுரடாக முடி, தள்ளிப் போகும் மாதவிலக்கு, ஏறும் எடை, அடங்காத பரு... இவை சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து அதற்கு வைத்தியம் செய்யாமல் லேசர் மட்டும் போட்டால், ஒரு பக்கம் எடுக்க எடுக்க மறுபக்கம் முளைக்கும்.

வளரும் நிலையில் உள்ள முடி மட்டுமே லேசருக்கு மசியும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. அதனால்தான் ஆறு எட்டு சிட்டிங், நாலு முதல் எட்டு வார இடைவெளியில். முடிவிலும் முடி வெகுவாகக் குறையும், மெலியும்; அடியோடு ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நரைத்த முடிக்கு லேசர் பலிக்காது. கன்னத்தின் பூனை முடிக்குப் போட்டால் சிலருக்கு அது தடித்து வளரும் விபரீதமும் உண்டு. நம் நாட்டுப் பெண்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது.

சிட்டிங்குக்கு முன் சில வாரம் த்ரெடிங், வாக்ஸிங் கூடாது; வேர் உள்ளே இருந்தால்தானே ஒளி அதைப் பிடிக்கும்! ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது வெறும் பயம்.

ஐ.பி.எல். என்பதையும் சில பார்லர்களில் லேசர் என்றே சொல்கிறார்கள். அது லேசரே அல்ல. பல நிறம் கலந்த பளீர் விளக்கு. மாநிறத் தோலில் சூடு பட வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிற அட்டையில் தங்கள் நிறம் சேர்த்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தழும்பும் பச்சையும்

பருவால் விழுந்த குழிகளுக்கு ஃப்ராக்ஷனல் லேசர் நல்ல பலன் தரும். தோல் முழுவதையும் தொடாமல் சல்லடைக் கண் மாதிரி சிறு சிறு துளையாகச் சுடும். இடையில் உள்ள நல்ல தோல் சீக்கிரம் ஆற்றிவிடும். பரு முழுதும் அடங்கிய பிறகே செய்ய வேண்டும். காது குத்தின இடம் தடித்து வளரும் தன்மை உடையவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கையில் பச்சை குத்தியதை எடுக்கவும் பலர் வருகிறார்கள். விளக்குக் கரியால் குத்திய பழைய பச்சை எளிதில் கலையும். நவீன டாட்டூவின் பச்சை, மஞ்சள் மைகள்தான் பிடிவாதம் பிடிக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* செய்பவர் யார்? தோல் மருத்துவர் பார்த்து, அவர் மேற்பார்வையில் நடக்கிறதா?
* எந்த மிஷின்? என் நிறத்துக்கு அது ஏற்றதா?
* காதருகே சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பார்களா?
* கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி உண்டா? இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.
* மொத்தப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டுமா? ஒவ்வொரு முறையாகக் கட்டுவதே நல்லது.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு: கர்ப்பம், பருவுக்குச் சாப்பிடும் மாத்திரை, உதட்டில் அடிக்கடி வரும் அக்கி, சமீபத்தில் அலைந்த வெயில். பிரசவம் வரை அழகுக்கான லேசர் வேண்டவே வேண்டாம். மரக்கச் செய்யும் கிரீமை வீட்டிலிருந்தே கை கால் முழுக்கப் பூசிக்கொண்டு போவது உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவுதான்.

செய்துகொண்ட பின், துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம் வைக்கலாம். ஒரு வாரம் ப்ளீச், ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். கொப்புளம் கிளம்பினாலோ, எரிச்சல் மறுநாளும் குறையாவிட்டாலோ, அடுத்த சிட்டிங் வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

தோலில் லேசரை முதன்முதல் சோதித்தவர்களில் ஒருவரான அந்த கோல்ட்மனே, தேவையில்லாத இடத்தில் லேசர் வேண்டாம் என்றுதான் சொல்லி வந்தார். உங்களுக்குத் தேவையா இல்லையா என்பதை விளம்பரம் முடிவு செய்ய விடாதீர்கள். ஒரு தடவை தோல் மருத்துவரிடம் காட்டி, "எனக்கு லேசர் அவசியம்தானா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.