மின்காப்புப் பொருளின் மெல்லிய துலங்கல்: அளவீடும் கலைச்சொல்லும்

ஒரு கலைச்சொல்லைத் தேர்வதற்கு முன் அது குறிக்கும் அளவீட்டை அறிதல் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாததாகும். மின்காப்புப் பொருள்களின் நேரியலற்ற துலங்கலை அளக்கும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

1991-இல் கடலலை மின்நிலையம் இயங்கத் தொடங்கிய விழிஞ்ஞம் கடற்கரை இங்கு நோக்கத்தக்கது. ஆழ்கடலில் முகடும் அகடும் ஏறக்குறைய ஒத்திருக்கும் அலை, ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போது கூரிய முகடும் தட்டையான அகடும் பெறுகிறது. இவ்வாறு திரிந்த அலையைப் பகுத்தால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் காணப்படும். இவை சீரிசைகள் எனப்படும். முகடும் அகடும் வேறுபடுவதால் இங்கு இரண்டாம் சீரிசை முதன்மை பெறுகிறது.

மின்காப்புப் பொருளின்மீது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் செலுத்தப்படும்போது, மின்முனைவாக்கம் பெரும்பாலும் மின்புலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். எஞ்சும் சிறு பகுதி மின்புலத்தின் மும்மடியைச் சார்ந்தது. இருதிசைகளும் பொருளுக்கு ஒத்தவையாயின் இரட்டைப்படைச் சீரிசைகள் தோன்றா. 150 ஹெர்ட்ஸில் மூன்றாம் சீரிசை தோன்றும்.

அளக்கும் கருவிகளும் இதே சீரிசையைத் தோற்றுவிக்கக்கூடும். எனவே மின்னழுத்தத்தைப் பாதியாக்கிச் சோதிப்பர். பொருளில் எழுந்த மூன்றாம் சீரிசை எட்டில் ஒரு பங்காகக் குறையும். மின்மூலத்தின் திரிபோ, அதன் வீதம் மாறாதவரை, பாதியாகவே குறையும். பெருக்கியின் குறையை அறியப் பொருளுக்கு மாற்றாகக் காற்று மின்தேக்கியை இணைத்து ஒப்பிடுவர்.

மொழிபெயர்ப்பில் இடர் தரும் சொற்கள் மூன்று. ‘எதிர்வினை’ என்பது நியூட்டனின் மூன்றாம் விதியில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. ஆதலின் உளவியல் நூல்களில் பயிலும் ‘துலங்கல்’ ஏற்புடையது. ‘பலவீனமான’ என்பது குறைபாட்டைச் சுட்டும். ‘மெல்லிய’ என்பது அளவை மட்டுமே சுட்டும். மூன்றாவது, ‘சீரிசை’க்கு மாற்றாக ‘மேற்சுரம்’ என எழுதுதல். முதல் மேற்சுரம் என்பது இரண்டாம் சீரிசையாகும். எனவே ‘மூன்றாம் மேற்சுரம்’ 150 ஹெர்ட்ஸை அன்றி 200 ஹெர்ட்ஸைக் குறித்துவிடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நிலத்தடி மின்வடங்களின் பாலிஎத்திலீன் காப்பில் ஈரம் புகுந்து கிளைத்துப் பரவும் நுண்சிதைவை ‘நீர்மரம்’ என்பர். இழப்பு மின்னோட்டத்தின் மூன்றாம் சீரிசை, காப்பு முறிவதற்கு முன்பே இச்சிதைவைக் காட்டவல்லது. கையேட்டில் அச்சொல் பிழைபட்டால் கருவி வேறோர் அதிர்வெண்ணில் நிறுத்தப்படும். பழுதுற்ற வடம் நல்லதெனக் கொள்ளப்படும்.