காவிரி மஹ்சீர்: தூண்டிலும் போனது, கணக்கும் போனது

வன உயிரினத்தைக் கொன்றால்தான் வேட்டை என்பதில்லை. பிடித்தாலே வேட்டைதான் என்கிறது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இவ்விளக்கத்தை மீனுக்கும் பொருத்தியதன் விளைவாக, கர்நாடகத்தின் காவிரி வன உயிரினச் சரணாலயத்தில் பல்லாண்டுகள் நடந்துவந்த தூண்டில் மீன்பிடிப்பு 2012-இல் முடிவுக்கு வந்தது.

பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி ஆகிய ஆற்றங்கரை முகாம்களை நடத்திவந்தது அம்மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம். கூடாரத்தில் தங்கலாம், மஹ்சீர் பிடிக்கலாம். ஆனால் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, மீனை உயிருடன் ஆற்றில் விட்டுவிட வேண்டும். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீன் ஆளுயரம் வளரக்கூடியது. 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. அதைத் தேடிக் கடல் கடந்தும் ஆட்கள் வந்தனர்.

வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக்குச் சரணாலயத்தைத் திறந்துவிடுவதா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், ஆற்றில் வெடி வைத்து மீன் பிடித்துவந்த உள்ளூர்வாசிகளில் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறியது இம்முகாம்களால்தான். அவர்களுக்கு மாற்று என்ன என்பதையும் தடையோடு சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

இழப்பு அத்தோடு நிற்கவில்லை. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் அலசினர். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் ஆண்டுக்கு ஆண்டு அருகிவந்தது. சிக்கியவையும் பெரும்பாலும் முதிர்ந்த பெரிய மீன்கள். குஞ்சுகள் தலையெடுக்கவில்லை என்பதே இதன் பொருள். மறுபுறம் நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்து, மஹ்சீரைக் காக்கிறோம் என்ற நம்பிக்கையில் காவிரியில் விடப்பட்ட வேற்றாற்று மீன் அது. விட்டவர்களில் தூண்டில்காரர்களும் அடக்கம்! ஆக, பூர்வீக மீனின் சரிவு தடைக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் பதிவு செய்துவந்த ஏற்பாடுதான் தடையோடு நின்றுபோனது.

இன்னொரு விந்தையும் உண்டு. உலகப் புகழ் பெற்ற இந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் நெடுங்காலம் இல்லை. பெயரில்லாத உயிரினத்தை அழிந்துவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. கேரளத்தின் பாம்பாற்றில் கண்டறிந்து விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவியே' இனமே இது என்று 2018-இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று இதன் முக்கியப் புகலிடங்களில் ஒன்று, தமிழகத்தின் மோயாறு. காவிரியிலோ, கர்நாடகம் முன்வைத்துள்ள மேக்கேதாட்டு அணைத் திட்டம் நிறைவேறினால், சரணாலயக் காட்டின் ஒரு பகுதியோடு ஓடும் ஆற்றின் ஒரு நீட்சியும் நீர்த்தேக்கமாகிவிடும். பாறைகளினூடே பாய்ந்தோடும் நீரில் வாழும் மீன் இது. தூண்டில் முள்ளை வேட்டைக் கருவியாகக் கண்ட சட்டத்தின் பார்வை 67 டி.எம்.சி. நீர்த்தேக்கத்தின் மீதும் விழுமா என்பதற்கு, வன அனுமதி கேட்டு வரும் கோப்பில் மத்திய அரசு விடை சொல்லியாக வேண்டும்.