எந்த வாசலில் புல் வெட்டுவது?

திருச்சி தில்லை நகர் பக்கம் புல்தரைப் பராமரிப்புத் தொழில் தொடங்க நினைக்கிற இளைஞர்கள் முதலில் விசாரிப்பது மெஷின் விலையைத்தான். அடுத்து, விசிட்டிங் கார்டு அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். யாருடைய புல்லை வெட்டப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பலருக்கு அது வருவதே இல்லை. கூப்பிட்டவர் வீட்டுக்கெல்லாம் ஓடுகிறார்கள். வெயிலுக்கும் வேலைக்கும் அஞ்சாத பையன்கள் நாள் முழுக்க உழைத்துவிட்டு மாதக் கடைசியில் பெட்ரோலுக்குக் கடன் வாங்குவதைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது. தவறு அவர்கள் உழைப்பில் இல்லை, வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. அந்தத் தேர்வு எப்படி இயங்குகிறது என்பதை ஒரு மெஸ்ஸின் சமையலறையை வைத்துப் பார்த்துவிடலாம்.

மெஸ்ஸில் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் தோசை வந்துவிடாது. கல் காய வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்த்து, எண்ணெய் தேய்த்து, முதல் தோசை வருவதற்குள் போன கேஸும் நேரமும் கல்லோடு சரி. அதன் பிறகு வார்க்கும் ஒவ்வொரு தோசைக்கும் மாவும் எண்ணெயும்தான் செலவு. ஏழு மணிக்கு ஒருவர், எட்டரைக்கு ஒருவர், பத்து மணிக்கு ஒருவர் என்று வந்தால் கல்லை மூன்று முறை காய வைக்க வேண்டும். எட்டுப் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் ஒரு முறை போதும்.

புல்வெட்டில் கல் காய்வது என்றால் பயணம். குட்டி யானையில் மெஷினை ஏற்றுவது, போக்குவரத்தில் நிற்பது, வாட்ச்மேனிடம் கேட்டுக் கதவைத் திறக்க வைப்பது, இறக்குவது. இதற்கெல்லாம் எந்த வாடிக்கையாளரும் காசு தருவதில்லை. வெட்டிய புல்லுக்குத்தான் தருகிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு ஆள், ஒரு வண்டி, எட்டு மணி நேர வேலை. சின்ன லான் ஒன்றில் இறக்கி ஏற்ற, வெட்ட, ஓரம் கத்தரிக்க, பெருக்கி அள்ள 55 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வீடுகள் ஊரெங்கும் சிதறிக் கிடந்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக 30 நிமிடம் ஆனால், ஒரு வீட்டுக்கு 85 நிமிடம். நாளுக்கு ஐந்து வீடு முடியும். அடுத்தடுத்த வாசலாக இருந்து ஐந்து நிமிடத்தில் நகர முடிந்தால் எட்டு வீடு. ஒரு வீட்டுக்கு 400 ரூபாய் என்றால் முதல் கணக்கில் 2,000, இரண்டாவதில் 3,200. இரண்டு ஆள் கூலி, பெட்ரோல், பிளேடு தேய்மானம் எல்லாம் சேர்த்து 1,800 போனால், ஒருவருக்கு நிற்பது 200 ரூபாய், இன்னொருவருக்கு 1,400. வீடு கூடியது மூன்றுதான். மிச்சம் ஏழு மடங்கு. பெட்ரோல் குறைவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் தொடங்கிய கெம்லான் நிறுவனம் நாடு முழுக்கப் பரவியது இதே அடிப்படையில்தான். டேங்க் வண்டி ஒரு குடியிருப்புக்குள் நுழைந்தால் வரிசையாகப் பல வீடுகளுக்கு உரமும் மருந்தும் தெளித்துவிட்டே வெளியே வரும். வண்டி ஓடும் தூரத்துக்கு அந்தத் தொழிலின் லாபத்தில் பெரிய பங்கு உண்டு.

தில்லை நகரின் அமைப்பு இந்தப் பந்திக் கணக்குக்கென்றே போட்டதுபோல் இருக்கும். நடுவே மெயின் ரோடு, அதிலிருந்து கிழக்கும் மேற்கும் பிரியும் கிராஸ் தெருக்கள். பத்தாவது கிராஸில் வண்டியை நிறுத்தினால் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டே போகலாம். ஒரு பக்கம் சாஸ்திரி ரோடு, தென்னூர், இன்னொரு பக்கம் புத்தூர், உறையூர். இந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு வண்டிக்கு வேலை கிடைக்கும். ஆனால் நடப்பது என்ன? தில்லை நகரில் இரண்டு வீடு, கே.கே. நகரில் ஒன்று, வயலூர் ரோட்டில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மென்ட். வந்த ஆர்டரை விடக்கூடாது என்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்தை ஊரோடு இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஆற்றுக்கு இரு கரையிலும் வாடிக்கை வைத்திருந்தவர்கள் அந்த மாதங்களில் நான்கு சக்கர வண்டியோடு சென்னை புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. கூடுதல் பெட்ரோல் காசை எந்த வாடிக்கையாளரிடம் கேட்பது?

ஸ்ரீரங்கத்தை விட்டுவிட இன்னொரு காரணமும் உண்டு. கோயிலைச் சுற்றிய உத்தர வீதி, சித்திரை வீதிகளில் பழைய வீடுகள் தெருவை ஒட்டித் திண்ணையோடு தொடங்குபவை. முன்புறம் புல்லுக்கு இடமே கிடையாது. கொல்லையில் கிணறும் தென்னையும் துளசியும் இருக்கும். அங்கே தேவைப்படுவது தென்னை மரத்தைச் சுத்தம் செய்ய ஆள், மாடித் தொட்டிச் செடிகளுக்குப் பராமரிப்பு. நல்ல தொழில்தான். ஆனால் அந்தப் பந்திக்குச் சமையல் வேறு, ஆளும் வேறு.

இனி மாவு. புளிக்காத மாவில் எந்த மாஸ்டராலும் தோசை வார்க்க முடியாது. அதுபோல, வளராத இடத்தில் எந்தத் தோட்டக்காரராலும் புல்லைக் காப்பாற்ற முடியாது. வாடிக்கையாளரிடம் விலை பேசுவதற்கு முன்னால் வெயிலையும் தண்ணீரையும் பார்த்துவிட வேண்டும்.

தில்லை நகரில் தனி வீடுகள் இடிக்கப்பட்டு நாலு மாடி, அஞ்சு மாடியாக எழும்பும்போது பக்கத்து வீட்டு லானில் நிழல் விழுகிறது. நர்சரிக்காரர்கள் மெக்சிகன் புல் என்று விற்கும் மெல்லிய புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் அது மெலிந்து, பாசி பிடித்து, மண் தெரிய ஆரம்பிக்கும். வீட்டுக்கார மேடம், “போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க வந்தப்புறம்தான் இப்படி ஆயிடுச்சு” என்பார். பக்கத்து மாடியை அவர் கவனித்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் நிழலை ஓரளவு தாங்கும் பஃபலோ புல்லுக்கு மாற்றச் சம்மதித்தால் வேலையை எடுக்கலாம். இல்லாவிட்டால் கும்பிடு போட்டு வந்துவிட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கண்டிப்பானது. திருச்சியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நாட்களில் புல்தரைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அப்படியென்றால் 465 லிட்டர், ஒரு நாளைக்கு. போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் முதலில் நிற்பது குளியல் இல்லை, புல்தான். மே மாதம் புல் காயும், ஜூனில் உங்கள் ஒப்பந்தமும் காயும். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிற மருத்துவமனையும் பெரிய அபார்ட்மென்டும் இந்த விஷயத்தில் பாதுகாப்பான வாடிக்கையாளர்கள்.

கோரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இலை கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கும். அடுத்த சில நாளில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும், மற்ற புல்லைவிட வேகமாக, உயரமாக. ‘வெட்டிய மறுவாரமே மேடு பள்ளமா இருக்கு’ என்ற புகாருக்குப் பாதி காரணம் கோரைதான். இதைக் கிழங்கோடு ஒழிக்கப் பல மாதம் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லி, அதற்குத் தனிக் காசு பேசாமல் அந்த வாசலுக்குள் போகக்கூடாது.

மெஸ்ஸை வாழ வைப்பது வழிப்போக்கர் இல்லை, மாதக் கணக்குச் சாப்பாட்டுக்காரர். எத்தனை இலை போட வேண்டும் என்று தெரிந்தால்தான் அரிசி களைய முடியும். புல்தரையிலும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரத்துக்கு ஒருமுறை வெட்டினாலும் புல் மிஞ்சும். கோடையில் மூன்று வாரம் கை வைக்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் காசு வாங்குகிறவருக்கு மழைக்காலத்தில் சாப்பிட நேரம் இருக்காது, கோடையில் வேலை இருக்காது. வருடக் கணக்கைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்து ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சம்மதிக்கிறவர்தான் வேண்டிய வாடிக்கையாளர். கோடையில் வெட்டு குறைந்தாலும் களை எடுப்பது, செம்மண்ணும் தொழு உரமும் தூவுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது என்று அந்தக் காசுக்கு நேர்மையான வேலை இருக்கிறது.

“ஒரே ஒரு தடவை வெட்டிட்டுப் போங்க” என்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்கக்கூடாது. முழங்கால் உயரம் வளர்ந்ததை ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் அடியில் வெளிறிய தண்டுதான் மிஞ்சும், இரண்டு நாள் வெயிலில் எல்லாம் பழுத்துவிடும். கெட்ட பெயர் அந்தத் தெரு முழுக்கப் போகும்.

யார் கூப்பிடுகிறார், யார் பார்க்கிறார், யார் பணம் தருகிறார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தில்லை நகரில் கிளினிக்குகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. அங்கே கூப்பிடுவது நிர்வாக அலுவலர், பார்ப்பது நோயாளிகள், பணம் தருவது கணக்குப் பிரிவு. வேலை நிலையானது, காசு தாமதமாகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தராவிட்டால் வாங்குகிறவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த பிறகுதான் தன் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதியும் இப்போது வந்துவிட்டது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டாலே பேச்சு மாறும்.

அபார்ட்மென்டில் செயலாளர் மாறினால் ஆளும் மாறலாம். ஆகவே அசோசியேஷனின் பெயரில் எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் வீட்டில் என்றிருக்கும் குடும்பங்கள் லான் சிறியதாக இருந்தாலும் தங்கமான வாடிக்கை. அன்றைக்கே காசு தருவார்கள், மோர் தருவார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது நேரத்துக்குப் போவதும் மரியாதையாகப் பேசுவதும்.

திருவெறும்பூர் பக்கம் பெல் டவுன்ஷிப், துவாக்குடி என்.ஐ.டி. என்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கும் இடங்கள் ஆசை காட்டும். அது கல்யாணச் சமையல். ஒப்பந்தப்புள்ளி, முன்வைப்புத் தொகை, பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப்., ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. இவை எல்லாம் தொழிலாளியைக் காக்கும் அல்லது கணக்கை நேராக்கும் ஏற்பாடுகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பில் பாஸாகும் முன்பே ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். கையில் இரண்டு மூன்று மாதச் சம்பளம் இல்லாதவர் அந்த அண்டாவைத் தூக்கக்கூடாது.

இதையெல்லாம் மனதில் வைத்து ஒரு காலைப் பொழுது, வெயில் ஏறும் முன், மூன்று கிராஸ் தெருக்களை மட்டும் நோட்டும் பேனாவுமாக நடந்து பாருங்கள். கம்பிக் கதவுக்கு வெளியே இருந்தே நிறையத் தெரியும். புல் ஈரமாக, பச்சையாக, ஆனால் நடைபாதைக் கல்லின் மேல் படர்ந்து தலை கலைந்து கிடக்கிறதா? தண்ணீர் இருக்கிறது, அக்கறை இருக்கிறது, வெட்ட ஆள் இல்லை. முதலில் மணி அடிக்க வேண்டிய வீடு அது. ஒழுங்காக வெட்டியிருக்கிறது, ஆனால் மஞ்சள் பூத்திருக்கிறதா? ஆள் இருக்கிறார், தண்ணீர் இல்லை. விட்டுவிடுங்கள். பாதி லான் சிமென்ட் கல் போட்டு கார் நிற்கிறதா? மீதியும் சீக்கிரம் போய்விடும், வருடக் கணக்கு பேசாதீர்கள். எட்டு வீடு சேரும்வரை நான்காவது தெருவுக்குப் போக வேண்டாம், எவ்வளவு பெரிய லான் கூப்பிட்டாலும்.

அப்படி நடக்கும்போது இன்னொருவரையும் பார்ப்பீர்கள். சைக்கிளில் மண்வெட்டியும் கத்தரியும் கட்டிக்கொண்டு, இருபது முப்பது வருடமாக இந்தத் தெருக்களில் வேலை செய்யும் தோட்டக்காரப் பெரியவர். அவர் கையில் இருக்கும் வீட்டை விலை குறைத்துப் பிடுங்காதீர்கள். எந்த வீட்டில் கோரை, எந்த வீட்டில் போர் வற்றும், யார் பணத்தை இழுத்தடிப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. குனிந்து வெட்ட அவருக்கு முடியாமல் போயிருக்கும், மெஷின் பிடிக்க உங்களுக்கு முடியும். முதல் ஏ.எம்.சி. கையெழுத்தாவதற்கு முன்னால் அவரிடம் போய்ப் பேசுங்கள். கூட்டாக வரச் சம்மதித்தால் நியாயமான பங்கு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.