மிருக வைத்தியரின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. இரவு நல்லபடியாகப் படுத்திருந்த பட்டி, விடியும்போது பாதியாகக் கிடந்தது. போருக்குப் பிறகு ஒன்றிரண்டு மாட்டில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெருக்கிச் சேர்த்த பட்டிகளும் அவற்றில் இருந்தன.

முதலில் எழுந்த கேள்வி இது தொற்றுநோயா என்பதுதான். செத்த மாடுகளிலிருந்து எடுத்த மாதிரிகள் பேராதனைப் பக்கம் போயின. கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகம்தான் நாட்டில் இப்படியான பரிசோதனைகளின் மையம். கடும் குளிரும் மழையும் காற்றும் சேர்ந்ததால் ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் என்று பிறகு அறிவிக்கப்பட்டது. அந்தப் பதில் வரும்வரை, உயிரோடு மிஞ்சிய மாடுகளைப் பிரித்துக் கட்டுவதா, ஊசி போடுவதா, விற்றுவிடுவதா என்று தெரியாமல் பட்டிக்காரர்கள் நின்றார்கள்.

நவீன கால்நடை வைத்தியம் என்றதும் எக்ஸ்ரே இயந்திரமும் பளபளக்கும் சத்திரசிகிச்சை மேசையும் நினைவுக்கு வருகின்றன. நகரத்து நாய், பூனைகளுக்கு அவை தேவைதான். வன்னியில் ஐந்து மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, அதுவும் தனியாகக் குடும்பத்தை நடத்தும் ஒரு பெண்ணுக்கு, கேள்வி வேறு. மாட்டை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாது. வைத்தியம்தான் மாட்டிடம் வரவேண்டும். எனவே ஒரு கருவி எவ்வளவு புதியது என்பதைவிட, வெயிலிலும் குண்டும் குழியுமான வீதியிலும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வர முடியுமா, நேரத்துக்கு வருமா என்பதே முக்கியம்.

அந்தப் பெட்டியில் மிகவும் மலிவான பொருள் தேர்மோமீற்றர். வளர்ந்த மாட்டின் உடல் வெப்பநிலை சராசரியாக 38.5 பாகை செல்சியஸ். மனிதரை விட மாடு இயல்பாகவே சூடு கூடியது என்பதால் கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. அந்த டிசெம்பர் இரவுகளில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். மாட்டின் இரைப்பையில் புல் புளிக்கும்போது உண்டாகும் சூடுதான் அதன் அடுப்பு. வயிறு காலியாக இருந்தால் அடுப்பு அணையும். நனைந்த மயிர் சூட்டைப் பிடித்து வைக்காது, காற்று மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கூரையில்லாத பட்டியில் நின்ற மெலிந்த மாடுகளும் கன்றுகளும் முதலில் விழுந்தது அதனால்தான். தேர்மோமீற்றர் இறங்கிக்கொண்டே போனால், காய்ச்சலுக்கான ஊசி அல்ல, உலர்ந்த சாக்கும் காற்று மறைப்பும் வைக்கோலும் இளஞ்சூட்டுத் தண்ணீரும்தான் வைத்தியம்.

செத்த மாட்டுக்கும் கருவி வேண்டும். கத்தி, கையுறை, போமலின் போத்தல், ஐஸ் வைத்த பெட்டி. உறுப்புத் துண்டுகளைப் போமலினில் போட்டால் நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கவேண்டும் என்றால் போமலின் அதைக் கொன்றுவிடும். அந்தத் துண்டு தனியாகக் குளிரில் போகவேண்டும். நம்முடைய வெயிலில் மாடு செத்துச் சில மணித்தியாலங்களிலேயே உடல் பழுதாகத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். பீசிஆர் இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், வழியில் ஐஸ் உருகிப்போன மாதிரியிலிருந்து நல்ல பதிலை எடுக்க முடியாது. மாவட்டங்களுக்கு அருகிலேயே ஆய்வுகூட வசதி வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன், மாதிரியைச் சரியாக எடுத்துச் சரியாக அனுப்பும் குளிர்ப்பெட்டி ஒவ்வொரு அலுவலகத்திலும் வேண்டும்.

குளிர் என்ற இந்தப் பிரச்சினை தடுப்பூசியிலும் வருகிறது. 2020 இன் பிற்பகுதியில் வடக்கு மாடுகளின் உடம்பில் கட்டி கட்டியாகக் கிளம்பிய தோல் கழலை நோய் பலருக்கு நினைவிருக்கும். நாட்டுக்கே அது புதிய நோய். நுளம்பும் இரத்தம் உறிஞ்சும் ஈக்களும் உண்ணிகளும் பரப்பும் அந்த வைரசை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லை. புண்ணைப் பராமரிக்கலாம், துணைத்தொற்றைத் தடுக்கலாம், மற்றபடி தடுப்பூசிதான். அதற்கான தடுப்பூசி உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். தூளாக வரும். கரைத்த பிறகு சில மணித்தியாலங்களுக்குள் போட்டு முடிக்கவேண்டும். கால் வாய் நோய்த் தடுப்பூசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். சூடானால் மட்டுமல்ல, உறைந்தாலும் கெட்டுவிடும். பிரிட்ஜின் ஐஸ் தட்டுக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினோம் என்று நினைப்பது வீண். கெட்டுப்போன தடுப்பூசி பார்ப்பதற்கு நல்ல தடுப்பூசி மாதிரியே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்தது. சாதாரண வீட்டு பிரிட்ஜ் ஒன்று அந்த நேரத்தில் உள்ளே எத்தனை பாகையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கென்றே செய்யப்படும் குளிர்சாதனப் பெட்டிகளின் சுவருக்குள் ஐஸ் அல்லது நீர் அடுக்கு ஒன்று இருக்கும். சில மணித்தியாலம் மின்சாரம் வந்தால் அந்த அடுக்கு உறைந்துகொள்ளும், மின்சாரம் போனபின் மெல்ல உருகிக் குளிரைத் தரும். இதையே நேரடியாகச் சூரியத் தகட்டில் இயக்கும் வகையும் உண்டு. அதில் பகல் வெயில் பற்றரியில் அல்ல, ஐஸாகச் சேமிக்கப்படுகிறது. வன்னியில் வெயிலுக்குக் குறைவில்லை. உதவித் திட்டங்களை எழுதுபவர்கள் மாடு கொடுப்பதற்கு எழுதும் பக்கங்களில் ஒரு பக்கத்தையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொரு சின்ன விடயம், ஊசி. பட்டி முழுவதற்கும் வேகமாகப் போடுவதற்குத் துப்பாக்கி மாதிரியான தன்னியக்க ஊசிக்குழல் உண்டு. வேலை சுலபம். ஆனால் ஒரே ஊசிமுனை ஐம்பது மாடுகளுக்குள் போய் வந்தால், நோய் ஏற்கனவே நுழைந்த பட்டியில் அந்த ஊசியே நுளம்பின் வேலையைச் செய்துவிடக்கூடும். முனையை மாற்றச் சொல்லிக் கேட்பது வைத்தியரை அவமதிப்பது ஆகாது.

பெட்டியில் இன்னும் சில பொருட்கள். வயிறு ஊதி மூச்சுத்திணறும் மாட்டின் இடது பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் குத்தி வாயுவை வெளியேற்றும் குழாய் ஊசி. வாயு நுரையாக இருந்தால் இது பயன்படாது, எண்ணெய் கொடுக்கவேண்டும் என்பது வைத்தியருக்குத் தெரியும், அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது. கன்று போட்ட ஓரிரு நாளில் கழுத்தை மடித்துக்கொண்டு எழும்ப முடியாமல் படுத்துவிடும் பசுவுக்குக் கல்சியம் சேலைன். அது நாளத்தில் மெதுவாக இறங்கவேண்டும், வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் மருந்து இறங்கும் நேரம் முழுவதும் வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். சரியாகச் செய்தால், விழுந்து கிடந்த மாடு சிறிது நேரத்தில் எழும்பி நிற்கும். வைத்தியத்தில் இப்படிக் கண்முன்னே நடக்கும் அதிசயங்கள் குறைவு.

மடியழற்சியைக் கண்டுபிடிப்பதற்கு நான்கு கிண்ணம் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு மில்லிலீற்றர் அளவு பால், அதே அளவு சோதனைத் திரவம், பத்து செக்கன் சுழற்றவேண்டும். பால் அப்படியே ஓடினால் நல்லது. சளி மாதிரித் தடித்தால் அந்தக் காம்பில் பிரச்சினை. அந்தத் திரவம் அடிப்படையில் சவர்க்கார வகை. நோய்க்கு எதிராக மடிக்குள் கூடிய வெள்ளணுக்களை அது உடைக்கிறது, உள்ளே இருக்கும் மரபுப்பொருள் வெளியே வந்து பாலைக் கட்டியாக்குகிறது. வெளியே வீக்கமோ நோவோ தெரியாமல் பால் மட்டும் மெல்லக் குறைந்துகொண்டு போகும் நிலையை இதுபோன்ற சோதனை இல்லாமல் பட்டியில் கண்டுபிடிப்பது கடினம். எந்தக் காம்பு என்று தெரிந்தால் அந்தக் காம்புக்கு மட்டும் மருந்து ஏற்றலாம். தெரியாமல் பார்மசியில் கேட்டு வாங்கிப் போடும் நுண்ணுயிர்க்கொல்லி, மாட்டுக்கும் உதவாமல் பாலோடு பிள்ளைகளின் கோப்பைக்கும் வரும்.

மிக முக்கியமான உபகரணம் ஒன்று பெட்டிக்குள் இல்லை. அது பட்டிக்காரர் செய்து வைக்கவேண்டியது. நான்கு மரக்குற்றிகளும் குறுக்குத் தடிகளும் கொண்டு மாட்டை அசையாமல் நிறுத்தும் சட்டகம். திறந்தவெளியில் மேய்ந்து பழகிய வன்னி மாடு கயிற்றுக்குப் பணியாது. பிடிக்கவே அரை நாள் போனால், வைத்தியர் கொண்டுவந்த எந்தக் கருவியும் வெளியே வராது.

சட்டகம் இருந்தால் சத்திரசிகிச்சையே நடக்கும். கன்று வெளியே வராத பசுவுக்குச் செய்யும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் மாடு நின்றபடியே நடக்கிறது. இடது விலாப்பக்க மயிரை மழித்து, கழுவி, அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, பக்கவாட்டில் வெட்டிக் கன்றை எடுப்பார்கள். மாடு அசைபோட்டுக்கொண்டே நிற்பதும் உண்டு. முழு மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்தால் இரைப்பை நெஞ்சை அழுத்தும், வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். மாட்டுக்கு மேசையை விடக் கால்கள் பாதுகாப்பு.

எக்ஸ்ரேயைப் பற்றியும் சொல்லவேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியபோது, தங்கள் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் பொறிவெடியில் வாய் சிதறியும் வருவதாகப் பண்ணையாளர்கள் சொன்னார்கள். இப்படியான காயத்தில் உள்ளே உலோகம் இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்பதைப் பற்றரியில் இயங்கும் கையடக்க எக்ஸ்ரே சில செக்கன்களில் திரையில் காட்டும். ஆனால் அதன் சக்தி காலுக்கும் தாடைக்கும் போதுமே தவிர, பெரிய மாட்டின் வயிற்றை ஊடுருவிக் காட்டாது. கண்ணிவெடியில் ஒரு காலை இழந்த ஆடோ நாயோ மூன்று காலில் வாழ்ந்துவிடும். முன்னூறு கிலோ மாடு அப்படி வாழ்வது மிகக் கடினம். மருத்துவப் பதிவும் படமும் இருந்தால் அந்தக் காயம் வழக்கில் ஒரு சான்றாகும், அது இல்லாதபோது வெறும் முறைப்பாடாகவே நிற்கும் என்பது எக்ஸ்ரேயின் இன்னொரு பயன்.

இனிச் சினைப்படுத்தலுக்கு வருவோம். மீள்குடியேற்றத்தின் பின் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கலப்பினப் பசுக்கள் பல வீடுகளில் ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்குக்கு வராமல் நிற்கின்றன. பசு கன்று போடாவிட்டால் பால் இல்லை, தீனிச் செலவு மட்டும் உண்டு.

உயர்ரகக் காளையின் விந்து குண்டசாலையிலுள்ள மத்திய நிலையம் போன்ற இடங்களில் சேகரிக்கப்பட்டு, மெல்லிய பிளாஸ்ரிக் குழாய்களில் அடைக்கப்பட்டு, மறை 196 பாகையில் உள்ள திரவ நைதரசனுக்குள் வைக்கப்படுகிறது. பால் கான் மாதிரித் தெரியும் அந்தக் கொள்கலனுக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் நைதரசன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறித்த காலத்தில் நிரப்பாவிட்டால், உள்ளே இருக்கும் அத்தனை குழாயும் செத்துவிடும். குழாயை எடுக்கும்போது கழுத்துக்கு மேலே அதிக நேரம் பிடித்தாலும் பழுது. வெளியே எடுத்ததும் 37 பாகைச் சுடுநீரில் அரை நிமிடம் போல் வைத்து உருக்கி உடனே செலுத்தவேண்டும். போத்தல் தண்ணீரிலோ உள்ளங்கையிலோ உருக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. செத்த விந்தும் உயிருள்ள விந்தும் கண்ணுக்கு ஒரே மாதிரி. பசு 21 நாள் கழித்து மறுபடி கத்தும்போதுதான் சந்தேகம் வரும். அப்போதும் பழி பசுவின் மேல்தான் விழும்.

பெண் கன்றுக்கான பிரித்த விந்து பற்றி அண்மைக்காலமாக அதிகம் பேசப்படுகிறது. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறத்தாழ 4 சதவீதம் கூட. அதைச் சாயமேற்றி லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். பத்தில் ஒன்பது பெண் கன்று என்பது உண்மை. ஆனால் பிரிக்கும் வழியில் அணுக்கள் களைத்துவிடுவதால் சினைப்பிடிப்பு குறையும். மெலிந்த பசுவுக்கு அதைப் போடுவது காசை எறிவது போல.

சினையா இல்லையா என்பதைக் கைவிட்டுப் பார்க்க ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். பற்றரியில் இயங்கும் ஸ்கேன் கருவி 30 நாளளவில் காட்டிவிடும், கருவின் இதயம் துடிப்பது திரையில் தெரியும். சினை இல்லையென்றால் அடுத்த வேட்கையைத் தவறவிடாமல் பிடிக்கலாம்.

வேட்கை பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம்தான் இருக்கும், நாட்டு மாடுகளில் இன்னும் குறைவு, பெரும்பாலும் இரவில். காலையில் அறிகுறி தெரிந்தால் மதியத்துக்கு முன் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு அழைத்து, அன்று பின்னேரமே போடச் சொல்லவேண்டும். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. அழைக்கும்போது கொள்கலனில் நைதரசன் இருக்கிறதா என்று கேளுங்கள். போட்ட திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதி, 18 ஆம் நாளிலிருந்து 24 ஆம் நாள்வரை விடியமுன் எழும்பிப் பசுவைப் பார்க்கவேண்டும்.