வேலி மேல் பூனை

லண்டன் அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய வரிசை வீடுகளின் பின்பக்கம், சாயங்காலமானால் பூனைகள் நடமாடும் பாதை. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத மரவேலியின் விளிம்பில் அடிமேல் அடி வைத்து, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா நாயும் வளர்க்கிறார், பூனையும் வளர்க்கிறார். "நாய் எண்டா கதவடியிலயே நிக்கும், தம்பி. இது சாப்பாட்டுக்கு மட்டும்தான் வரும். நன்றி கெட்டது" என்பார். நம் ஊரிலும் இதே பேச்சுதான். பூனைக்கு இது அநியாயம் என்பது என் கட்சி.

ஹங்கேரி விஞ்ஞானி ஆடம் மிக்லோசியின் குழு 2005-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒளித்து வைத்த தீனியை மனிதர் விரலால் சுட்டிக்காட்டியபோது, நாயைப் போலவே பூனையும் புரிந்துகொண்டது. பிறகு, கண்ணுக்குத் தெரிந்தும் எடுக்க முடியாதபடி தீனியை வைத்தார்கள். நாய் சற்று முயன்றுவிட்டு வளர்ப்பவர் முகத்தைப் பார்த்தது. பூனை அப்படி அதிகம் பார்க்கவில்லை. தானே முட்டி மோதிக்கொண்டிருந்தது. பாசக்குறைவு என்று நாம் சொல்வதில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. பூனைக்கு உதவி கேட்கும் வழக்கம் கிடையாது.

ஏன் கேட்க வேண்டும்? நாயின் முன்னோர் ஓநாய், கூட்டமாக வேட்டையாடியது. பூனையின் முன்னோர் மேற்காசியக் காட்டுப்பூனை, தனியாக எலி பிடித்தது. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழமையான கல்லறையில் மனிதர் ஒருவர் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. மந்தை மேய்க்கவும் காவல் காக்கவும் நாயைப் பழக்கித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தோம். எலி பிடிக்கப் பூனைக்கு யாரும் கட்டளையிட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பற்று இல்லையா என்றால், அமெரிக்காவில் கிறிஸ்டின் விட்டாலே 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். புது அறையில் பூனைக்குட்டிகளை இரண்டு நிமிடம் தனியே விட்டு, பின் வளர்ப்பவரை உள்ளே அனுப்பினார்கள். ஏறத்தாழ 64 சதவீதக் குட்டிகள் ஆளைக் கண்டு அமைதியாகி, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. குழந்தைகளிடமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆனால் 2015-இல் லிங்கன் பல்கலைக்கழகத்தார் வளர்ந்த பூனைகளிடம் இப்படிப்பட்ட பற்றைக் காணவில்லை. வாதம் முடியவில்லை, நான் விட்டாலே பக்கம்.

பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோம். அது மெல்லக் கண்ணை மூடித் திறப்பதற்குப் பொருள் உண்டு. நாம் அப்படிச் செய்தால் பூனையும் செய்கிறது, கிட்டே வரவும் துணிகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் காட்டியது. அக்காவிடம் சொன்னேன். அன்றே சமையலறைப் படியில் குந்தி முயன்றார். மூன்றாம் தடவை வேலி மேலிருந்து பதில் வந்தது.

சட்டத்திலும் பூனைக்கு நாய்க்குப் பின்னால்தான் இடம். பிரிட்டனின் 1988 சாலைச் சட்டப்படி, கார் மோதி நாய் அடிபட்டால் ஓட்டுநர் தெரிவித்தாக வேண்டும். பூனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் நாய்க்கு 2016-இலேயே கட்டாயமான மைக்ரோசிப், வீட்டுப் பூனைக்கு 2024 ஜூனில்தான் வந்தது. அரிசிமணி அளவு, தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். அக்கா தன் பூனைக்குப் போட்டுவிட்டார்.