யாழ்ப்பாணத்து வீட்டுவளவில் இளவேனிற் பூக்கள்

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தல் பழந்தமிழ் வழக்கு. அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியன. வடமொழியாளர் இதனை வசந்தம் என்பர். ஐரோப்பிய இலக்கியம் பயின்றோருட் சிலர், உறைபனியே காணாத நாட்டில் வசந்தம் ஏது என வினவுவதுண்டு. வினா நேரியதே. மேலைநாடுகளிற் குளிரின் பிடி தளர்ந்து வெப்பம் மீளுதலே மலர்ச்சிக்கு ஏதுவாகின்றது. துலிப் போன்ற குமிழ்ச்செடிகள் பல வாரங்கள் குளிரிற் கிடந்தாலன்றிச் செவ்வனே பூப்பதில்லை.

யாழ்ப்பாணத்திலோ தைமாதத்துச் சராசரி வெப்பத்துக்கும் வைகாசி வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஐந்து பாகை செல்சியசு மட்டுமே. ஆண்டின் மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகலிலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுந்தது. இலண்டன் நகரில் இவ்வேறுபாடு எட்டு மணி நேரத்தையும் கடக்கும். இருந்தும் பங்குனி முதிர நம் வளவுகள் பூத்துப் பொலிகின்றன. ஆதலின் இங்குப் பருவத்தைச் செடிகளுக்கு அறிவிப்பது, பெரும்பாலும், குளிரன்று; நீரின் வரவும் பிரிவுமே எனல் வேண்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிற் பெய்து ஓய்கின்றது. தை பிறந்தபின் வானம் வறளும். செம்மண்ணின் மேற்படை மாசியில் இறுகிவிடும். இவ்வறட்சியைத் தாவரங்கள் எதிர்கொள்ளும் வகையிலேயே இளவேனில் மலர்ச்சியின் மறைபொருள் அடங்கியுள்ளது. கொன்றையும் வேம்பும் முதலில் இலைகளை உதிர்க்கின்றன. நீர் ஆவியாய்ப் போகும் வாயில் அதனால் அடைபடுகின்றது. ஆழ வேர்கள் உறிஞ்சும் நீர் தண்டினையும் கொப்புக்களையும் நிரப்ப, அரும்புகள் விரிகின்றன. முற்றத்தில் உதிரும் வேப்பம்பூவைப் பாயிற் சேர்த்து வடகமிடும் இல்லத்தரசியர் இம்மாற்றத்தின் நாளை எந்தப் பஞ்சாங்கமும் பாராது அறிவர்.

ஈழத்தலரி தனித்துக் கூறத்தக்கது. சதைப்பற்றுள்ள அதன் தடித்த கொப்புக்கள் நீரைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்கள். ஆகையால் ஓரிலையும் இன்றி நிற்கும் காலத்திலும் கொப்பின் நுனியிற் கொத்தாகப் பூக்க அதனால் இயலுகின்றது. இரவில் மிகும் அதன் நறுமணம் அந்துப்பூச்சிகளை அழைக்கும். வந்த பூச்சிக்குத் தேன் ஒரு துளியும் கிடைப்பதில்லை. மணத்தால் ஏமாற்றி மகரந்தம் சுமக்கச் செய்யும் மலர் இது. பெயரும் ஒருவகையில் ஏமாற்றுவதே. ஈழத்தலரி என வழங்கினும் அதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாம். 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு அப்பெருநிலத்துத் தீவுகளை அடைந்ததன் பின்னரே அது கீழைநாடுகளுக்கு வந்திருத்தல் கூடும். கோயில் வீதிகளில் அது பெற்றுள்ள இடத்தை நோக்குவார்க்கு இது வியப்பளிக்கும்.

அலரி வேறுவழி செல்கின்றது. அதன் இலை தடித்த மெழுகுத்தோல் உடையது. இலைவாய்கள் அடிப்புறத்தே மயிர் செறிந்த சிறு குழிகளுள் ஒளிந்திருக்கின்றன. வெயில் எரிக்கும் நண்பகலிலும் நீரிழப்புச் சிறிதாகலின் இலையும் பூவும் ஒருங்கே தாங்கி நிற்கும். ஆடும் மாடும் அதனைத் தீண்டா. அதன் உறுப்பனைத்தும் நஞ்சு. மஞ்சள் அலரியும் அத்தகையதே. சிறுவர் விளையாடும் முற்றத்தில் அதனை வளர்த்தல் தகாது. பிறேசில் நாட்டிலிருந்து பரவிய போகன்விலாவுக்கு நீர் மிகுந்தால் இலையே தழைக்கும். வேர் காய்ந்தாற் கொடி முழுவதும் வண்ணம் கொள்ளும். அவ்வண்ணம் இதழ்களுடையதன்று. உண்மைப் பூ நடுவிலுள்ள சிறு வெண்குழலே. சூழ்ந்திருப்பவை நிறம் மாறிய இலைகள். செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் ஆண்டு முழுவதும் பூப்பன; அவற்றைப் பருவம் பெரிதும் கட்டுவதில்லை.

இனி மல்லிகை. முல்லையைக் காருக்கு உரியதாக்கிய தமிழ்மரபு நுண்ணியது. மல்லிகையோ வேனிலின் பூ. மாரி ஓய்ந்ததும் அதன் பழங்கொப்புக்களை வெட்டி, சில வாரம் நீரூற்றாது வாடவிடுவர். மாசியில் அடிமண்ணைக் கொத்தி எருவிட்டு நீர் பாய்ச்சினால் புதுத்தளிர் வெடிக்கும். அத்தளிர்களின் நுனியிலேயே அரும்பு கட்டும். பழங்கொப்பை வெட்ட மனமிரங்குவோர் பூவை இழப்பர். இயற்கை கொன்றைக்குச் செய்வதைத் தோட்டக்காரர் மல்லிகைக்குக் கையாற் செய்கின்றனர் என்க. அடுக்கு மல்லிகையில் மகரந்தத்தாள்கள் இதழ்களாகத் திரிந்துவிட்டமையின் அது விதையீனுதல் அரிது. பதியம் வைத்தே பெருக்குவர். எனவே ஒரு வீட்டுச் செடி இன்னொரு வீட்டுச் செடியின் கொப்பே. அயலாரும் உறவினரும் கைமாற்றியதாலேயே அது ஊர்தோறும் வாழ்கின்றது.

ஆனால் மல்லிகைக்கு வேண்டிய நீர் கிணற்றிலிருந்தே வருதல் வேண்டும். குடாநாட்டுக் கிணற்றுநீர், மாரிமழை சுண்ணக்கற் படையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர்ப் படலமேயாகும். வேனிலில் மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். துலாவும் பட்டையும் இருந்த நாளிற் கைவலியே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. முற்றத்திற் புல்தரை வளர்த்து நாள்தோறும் நீர் தெளிக்கும் புதுவழக்கம் இந்நிலத்துக்குச் சிறிதும் ஒவ்வாது. குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் மல்லிகைக்கும் செல்லுமாறு கிணற்றடியில் அவற்றை நாட்டிய முன்னோர், ஒரே நீரை இருமுறை பயன்கொண்டனர். அலரியையும் போகன்விலாவையும் வாய்க்கால் எட்டாத வேலியோரத்தில் விட்டுவிடலாம்.

வைகாசி கழியச் சோழகம் வலுக்கும். அக்காற்று இலையின் ஈரத்தைக் கவர, மல்லிகை அரும்புகள் நாளடைவிற் சிறுத்துக் குறையும். அப்போது மிகுதியாக நீரூற்றிப் பூவை நீட்டிக்க முயலாது, அடியிற் சருகு பரப்பி மண்ணின் ஈரத்தைக் காத்துவரின், செடி அடுத்த மாரி வரை தாங்கி நிற்கும்.